அண்ணனும் அவரோடு போன ஐந்து பேரும்

அச்சகத்துக்காரர் என்னிடம் கேட்டது இரண்டே வரி. தோற்றம் ஒன்று, மறைவு ஒன்று. கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் தமிழில் நினைவு மலர் அடித்துக் கொடுக்க அவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொத வரி எழுதிருக்கீங்க, ரெண்டாவத விட்டுட்டீங்களே சார்" என்றார்.

"விடல. ஐம்பது வருசத்துக்கு மேல எங்க வீட்டுல அந்த வரியே கெடையாது. இப்பதான் கெடச்சிருக்கு. நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க" என்றேன்.

கார்த்திகை மாதம், தேய்பிறை தசமி, காலை வேளை, கடல்மேல். அவர் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

அண்ணன் அவர்களின் பதினாறாம் நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், எங்கள் கட்டிடத்து வங்காளி அன்பர்களுக்கும் என் வணக்கம். ஆனாலும் இதை நான் முதலில் எழுதுவது என் பிள்ளைகள் கீதாவுக்கும் சரவணனுக்கும், நம் சொந்தத்தில் அவர்களுக்குப் பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும்தான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பிழைத்தவன். தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் போதும். பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்குப் பெரியப்பா என்றால் கூடத்துச் சுவரில் இருக்கும் படம்தான். விமானப்படைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி, சிரிக்காத முகம். அந்தப் படத்துக்கு நாங்கள் மாலை போட்டதில்லை, விளக்கு வைத்ததில்லை. கீதா ஐந்து வயதில், "பெரியப்பா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். நான் குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில். நாலு வயதில் கல்கத்தா வந்துவிட்டார். உங்கள் தாத்தா துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டினார், அதாவது கப்பலில் இருந்து சாமான் தூக்கும் இயந்திரம். ஒற்றை அறை வீடு, நாலு குடும்பத்துக்கு ஒரு குழாய். அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அண்ணன் எனக்குப் பாதி அப்பா. குழாயடியில் என்னைக் குளிப்பாட்டுவது, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வது, தப்பாகச் சொன்னால் காதைத் திருகுவது எல்லாம் அவர்தான்.

அவருக்குக் காது கூர்மை. தூரத்தில் கப்பல் ஊதினால், "இது நேத்து வந்த கிரேக்கக் கப்பல்" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். கப்பல்களில் வயர்லெஸ் பார்க்கும் ஆட்களோடு பழகி, கட்-கடா-கட் என்று தட்டும் மோர்ஸ் பாஷையைப் பள்ளிக்கூட நாளிலேயே கற்றுக்கொண்டார். பள்ளி முடிந்ததும் விமானப்படையில் சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி. கொஞ்ச வருடத்தில் விமானத்திலேயே ஏறிப் போகும் வேலைக்கு எடுத்தார்கள். அது குண்டு வீசும் பெரிய விமானம், ஆறு பேர் போவது. அதில் அண்ணனுக்கு சிக்னலர் வேலை. விமானத்துக்கும் தரைக்கும் நடுவில் சேதி அனுப்புவதும் வாங்குவதும் அவர் பொறுப்பு.

அம்மா ஒப்பவில்லை. "மேல போற வேலை நமக்கு எதுக்குய்யா? கீழ ஒரு நாற்காலி குடுக்க மாட்டாவளா?" என்று கேட்டார்.

"யம்மா, மேலயும் நாற்காலிதான் குடுக்காவ. நானா ஓட்டப் போறேன்? காத மட்டும் குடுத்துட்டு உக்காந்திருப்பேன்."

"காத மட்டும் குடுத்து அனுப்ப முடியுமால? முழு ஆளும்லா போவணும்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். படத்தில்தான் சிரிக்கவில்லை, வீட்டில் நன்றாகச் சிரிப்பார்.

இருபத்திரண்டு வயதில் கல்யாணம். பெண் தூத்துக்குடி. உங்கள் பெரியம்மா, எனக்கு மதினி. அப்போது மதினிக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் முடிந்து கிடர்பூருக்கு வந்தவர் அண்ணனோடு சேர்ந்திருந்தது எல்லா விடுப்பையும் கூட்டினால் அறுபது நாள் இருக்கும். அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. மதினியின் பெயரை அடுத்தவர் முன்னால் சொல்லவே மாட்டார். "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்", "வீட்டுல கோவிச்சுக்குவாவ" இப்படித்தான். வேலை இடத்தில் வீட்டுப் பேச்சு எடுக்க மாட்டார், வீட்டில் வேலைப் பேச்சு எடுக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் சுவர் வைத்தவர்.

பங்களாதேஷ் போர் வந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் நாங்கள் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். அண்ணனிடம் இருந்து ஒரே ஒரு அட்டை வந்தது. எல்லோரும் நலமா, தம்பி ஒழுங்காகப் படிக்கட்டும், அவ்வளவுதான். போர் முடிந்து ஊரே இனிப்பு கொடுத்துக் கொண்டாடிய வாரத்தில் எங்களுக்குத் தந்தி வந்தது. அண்ணனின் விமானம் திரும்பவில்லை. அதில் போன ஆறு பேரையும் காணவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம், தகவல் கிடைத்தால் தெரிவிக்கிறோம். பிறகு வந்த கடிதங்களிலும் இதுதான் இருந்தது. இறந்துவிட்டதாகக் கருதுகிறோம் என்று அடுத்த வருடம் ஒரு தாள் வந்தது. மதினி அதை என்னை வாசிக்கச் சொல்லி, இரண்டு தடவை கேட்டார்.

"கருதுறாவளா, பாத்தாவளா?"

"கருதுறாங்கன்னுதான் மதினி போட்டிருக்கு."

"அப்ப அதப் பெட்டியில வையிங்க."

போரில் பிடிபட்டவர்கள் திரும்பி வந்த நாட்களில் அப்பா ஒவ்வொரு பட்டியலாகத் தேடிப் பார்த்தார். அண்ணன் பெயர் இல்லை. அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் அந்தக் காரியம் நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

மகாளய அமாவாசைக்குக் கங்கைக் கரையில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா வருடா வருடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் தாய் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார். எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, எல்லாம் முடிந்து எழப் போன புரோகிதரின் கையைப் பிடித்து, "இன்னும் ஒரு பேர் இருக்கு" என்றார். அண்ணன் பெயரைச் சொன்னார். அழுதுகொண்டே தண்ணீர் விட்டார். "வீட்டுல சொல்லாத" என்று என்னிடம் சொன்னார். நானும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். இட்லி சாப்பிடும்போது அம்மா, "அப்பா ஏன் முகம் வீங்கிப் போயிருக்காவ?" என்று கேட்டதும் வாய் தவறிவிட்டது. "அண்ணன் பேரச் சொல்லும்போது அழுதுட்டாவ" என்று சொல்லிவிட்டேன்.

மதினி சட்டியைக் கீழே வைத்தார். அதுவரை மாமனார் முன்னால் நின்று பேசாதவர், நேரே வந்து நின்றார்.

"மாமா, உயிரோட இருக்க மனுசனுக்குத் தண்ணி விட்டியளா?"

"தாயி, ரெண்டு வருசம் ஆச்சு..."

"ரெண்டு வருசம் ஆனா செத்துருவாவளா? உங்க புள்ளயக் காணோம்னுதான எழுதிருக்காவ? செத்துட்டாவன்னு பாத்தவர் யாராவது உங்ககிட்ட வந்து சொன்னாவளா?"

அப்பா செய்தது தப்பு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். பெற்ற மனம் ஏதாவது ஒரு கரையைப் பிடிக்கத்தான் பார்க்கும். ஆனால் அன்றோடு அவர் கங்கைக் கரைக்குப் போவதையே விட்டுவிட்டார். தன் தாய் தகப்பனுக்குக்கூடத் தண்ணீர் விடவில்லை. மதினிக்கும் அவருக்கும் பேச்சு நிற்கவில்லை, ஆனால் இந்தப் பேச்சை மட்டும் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அப்பா காலமானபோது அது தானாக எழுந்தது. நம் பக்கத்து வழக்கம், தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பது. ஊரில் இருந்து வந்த பெரிய மாமா வாசலில் நின்று எல்லோரும் கேட்கும்படி என்னிடம் கேட்டார்.

"மூத்தவன் இருக்கானா, இல்லையா? ஒண்ணச் சொல்லு மாப்ளே. இருந்தா அவன் வரட்டும், நீ வைக்கக் கூடாது. இல்லன்னா நீதான் மூத்தவன். ரெண்டுங்கெட்டானா வச்சுக்கிட்டு கொள்ளி எடுக்க முடியாதுல்லா?"

மதினிதான் உள்ளே இருந்து வந்தார். "தம்பி வைக்கட்டும். அவியளுக்குப் பதிலா வைக்கட்டும். அவிய வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றார். பெரிய மாமா வாசலை விட்டு விலகி வழி விட்டார். அண்ணனின் இடத்தில் நின்று அப்பாவுக்கு நான் கொள்ளி வைத்தேன்.

சாம்பல் கரைத்துவிட்டு வந்த அன்று மதினியிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். நீங்கள் சொல்லாமல் அண்ணனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட மாட்டேன் என்று. மதினியும் ஒரு வார்த்தை சொன்னார். "நான் பிடிவாதக்காரி இல்ல தம்பி. கண்ணால பாத்தவரோ காதால கேட்டவரோ ஒரே ஒருத்தர் என் முன்னால வந்து உக்காந்து சொல்லட்டும். அன்னைக்கு நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லத்தான் சிலர் வந்தார்கள். ஒருவர், எல்லைக்கு அப்பால் ஒரு சிறையில் அண்ணனைப் பார்த்ததாகச் சொன்னார். உயரம், நிறம் எல்லாம் சரியாகச் சொன்னார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் அவர் மதினியைப் பார்த்து, "உங்க பேரைச் சொல்லிச் சொல்லித்தாம்மா விசாரிச்சார்" என்றார். மதினி அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து, "அப்ப அது எங்க வீட்டுக்காரர் இல்ல. காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

பிள்ளைகளே, இதை எல்லாம் வாசித்துவிட்டு உங்கள் பெரியம்மா ஐம்பது வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எங்கே உட்கார்ந்தார்? அரசாங்க அலுவலகத்தில் டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். எங்கள் எல்லோரையும்விட நன்றாக வங்காளி பேசக் கற்றார். மீன்காரரிடம் அவர் சண்டை போடுவதைக் கேட்கப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பால்கனிக்கு வருவார்கள். அம்மாவைக் கடைசிவரை கவனித்ததும், எனக்குப் பெண் பார்த்ததும் அவர்தான். உங்கள் அம்மா வேலைக்குப் போன காலத்தில் உங்கள் இருவரையும் தூக்கி வளர்த்ததும் அவர்தான். பொட்டு வைத்தார், பூ வைத்தார். நல்ல காரியங்களில் சிலர் முணுமுணுத்தது உண்டு. அவர் காதில் விழும்படி முணுமுணுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

போன வருடம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது ஒன்று பிடிபட்டது. அண்ணனுக்கு முறையாகக் காரியம் செய்யக் கடமைப்பட்டவன் நான் ஒருவன்தான். நான் போய்விட்டால் அவர் இருந்தவரும் இல்லை, இறந்தவரும் இல்லை என்று அப்படியே நின்றுவிடுவார். வாக்கை மீறவும் மனம் இல்லை. நியூ டவுனில் இருந்து பார்க்க வந்த கீதாவிடம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா, நீங்க ப்ராமிஸ் பண்ணது தண்ணி விட மாட்டேன்னுதானே? தேட மாட்டேன்னு பண்ணலியே?" என்றாள்.

"எங்கம்மா தேட? அப்ப இருந்தவங்களுக்கே தெரியல."

"அப்ப இருந்தவங்ககிட்ட யார் கேட்டாங்க? ஆஃபீஸுக்குத்தான் லெட்டர் போட்டிருக்கீங்க. கூட வேலை பாத்த ஆளுங்க எங்கேயாவது இருப்பாங்கல்ல?"

எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. அரசாங்கத்துக்கு எழுதினால் அரசாங்கம் பதில் சொல்லும், சொல்லாவிட்டால் பதில் இல்லை என்றுதான் இருந்தோம். கீதா, ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர்கள் இணையத்தில் பேசிக்கொள்ளும் இடங்களில் எல்லாம் அண்ணன் படத்தைப் போட்டு வங்காளியிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். பல மாதம் ஒன்றும் இல்லை. துர்கா பூஜை முடிந்த வாரம் பெஹாலாவில் இருந்து ஒரு பெண் எழுதினாள். "என் தாத்தா இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். உங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறார்."

அவர்தான் மண்டல்-தா, அதாவது மண்டல் அண்ணா. வயது எண்பது. போர்க் காலத்தில் தரையில் வயர்லெஸ் அறையில் இருந்தவர். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மதினிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டோம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வங்காளியில் நடந்த பேச்சைத் தமிழில் எழுதுகிறேன். பௌதி என்றால் மதினி.

"பௌதி, நான் உங்க வீட்டுக்காரர நேர்ல நாலஞ்சு தடவைதான் பாத்திருக்கேன். ஆனா அவர் கைய எனக்கு நல்லாத் தெரியும்" என்று ஆரம்பித்தார். தட்டும் பாஷையில் ஒவ்வொருவர் கையும் ஒரு விதம், கையெழுத்து மாதிரி, கேட்டதும் ஆள் யார் என்று சொல்லிவிடலாம் என்றார். குண்டு வீசப் போகும்போது விமானத்தில் இருந்து சத்தமே வரக் கூடாது. வேலை முடித்துத் திரும்பிக் கடலுக்கு மேல் வந்த பிறகுதான் முதல் சேதி.

"அன்னைக்குக் காலைல அந்த சேதி வந்துச்சு. வேலை முடிஞ்சுது, திரும்பறோம்னு. அவர் கைதான். நான் எழுதி ஆபீசர்கிட்ட குடுத்தேன். பத்து நிமிஷத்துல மறுபடி கூப்பிட்டார். ஒரு பக்கம் இஞ்சின் எரியுது, தண்ணிய நோக்கி எறங்கறோம், இருக்கிற இடம் இதுன்னு. ரெண்டு தடவை முழுசா அனுப்பினார். மூணாவது தடவை பாதில நின்னுடுச்சு."

"அப்புறம்?" என்றார் மதினி.

"நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன் பௌதி. என்னை எழுப்பிட்டு வேற ஆள் உக்காந்து கூப்பிட்டான். ப்ளேன் போய்த் தேடுச்சு, கப்பல் போய்த் தேடுச்சு. அவர் சொன்ன இடத்துல தண்ணி மேல எண்ணெய்தான் மிதந்துச்சு. ஆள் தப்பிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. இதெல்லாம் வெளிய பேசக் கூடாதுன்னு உத்தரவு. அடுத்த மாசமே என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. உங்க வீடு இதே ஊர்லன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

மதினி ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசில எனக்குன்னு ஏதாவது சொன்னாவளா?"

அந்த மனிதர் என்ன சொல்வார்? இவ்வளவு வருடம் காத்திருந்த பெண்ணுக்கு யாராக இருந்தாலும் ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்துத்தானே சொல்வார்கள்? மண்டல்-தா தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல பௌதி. வேலை சேதி மட்டும்தான். வேற ஒரு எழுத்துகூட இல்ல. என்னை மன்னிச்சிருங்க."

மதினி சிரித்தார். கண் நிறைந்து வழிந்துகொண்டே சிரித்தார். என் பக்கம் திரும்பித் தமிழில், "இவர் கேட்டது உங்க அண்ணனத்தான் தம்பி. வேல நேரத்துல வீட்டப் பத்திப் பேசுத ஆளா அவிய?" என்றார். கொஞ்சம் கழித்து, "கை நடுங்குச்சான்னு கேளுங்க" என்றார். வங்காளி அவருக்குத்தான் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நடுங்கல. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே வேகம்" என்றார் மண்டல்-தா.

மண்டல்-தா சொன்ன தேதிக்குத் திதி பார்த்தோம், கார்த்திகைத் தேய்பிறை தசமி. மதினி எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "தசமி எப்ப வருதுன்னு காலண்டர்ல பாருங்க" என்றார்.

ஆள் கிடைக்காமல் போனவர்களுக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து கொள்ளி வைக்க வேண்டும். அதன்படி கார்த்திகைத் தேய்பிறை தசமியன்று கங்கைக் கரையில் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தேன். மதினி பொட்டோடுதான் வந்தார். அதை யாரும் கேட்கவில்லை. மண்டல்-தாவும் வந்தார். சாம்பலைக் கரைத்துவிட்டுத் தண்ணீர் விட உட்கார்ந்தோம். புரோகிதர் வங்காளி. அண்ணன் பெயரைக் கேட்டார், சொன்னேன். கோத்திரம் தெரியாது என்றேன். தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

"இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க டாகுர்மஷாய்" என்று புரோகிதரிடம் சொன்னார் மதினி. மண்டல்-தாவிடம் கேட்டு எழுதி வாங்கிய தாளை நீட்டினார்.

புரோகிதர் கண்ணாடியை மேலே தள்ளி வாசித்தார். "இவங்கல்லாம் யாரு? உங்க சொந்தமா?"

"அந்த ப்ளேன்ல கூடப் போனவங்க."

"மொதல் பேர் சர்தார்ஜி பேர். இது கிறிஸ்தவப் பேர். இவங்களுக்கு நான் எப்படிம்மா பண்றது? அவங்கவங்க வீட்டுல பண்ணியிருப்பாங்க."

"பண்ணினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் இத்தன வருசம் பண்ணல. பண்ண விடல. அவங்க வீட்டுலயும் என்னை மாதிரி ஒருத்தி இருந்தா?"

"சரி, கோத்திரம் சொல்லணுமேம்மா. ஆளுக்கு ஒண்ணா இருக்குமே."

"ஆறு பேரும் ஒரே வண்டில போனாங்க. ஒரே கோத்திரமா போடுங்க. தப்புன்னா பாவம் எனக்கு வரட்டும்."

புரோகிதர் என்னைப் பார்த்தார். பிறகு மண்டல்-தாவைப் பார்த்தார். மண்டல்-தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியே விட்டார். "சரி, எல்லாருக்கும் காசியபம்" என்று சொல்லி, புரோகிதர் ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார். ஆறு பேருக்கும் நான் தண்ணீர் விட்டேன்.

பிள்ளைகளே, பெரியப்பா எப்போது வருவார் என்ற கேள்விக்குப் பதில், அவர் வரமாட்டார். போன வேலையை முடித்தார். திரும்பும் வழியில், தான் இருக்கும் இடத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டவர் நம் வீட்டுக்கு வந்து சேர ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவ்வளவுதான். இனிமேல் அவர் படத்துக்கு மாலை போடலாம், விளக்கு வைக்கலாம். யாராவது கேட்டால் இன்ன நாள், இன்ன இடம் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மூட்டு வலியோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்து, இல்லாததை இல்லை என்று சொன்ன மண்டல்-தாவுக்கும், அவரைக் கூட்டி வந்த பேத்திக்கும். பெரிய மனது பண்ணிய புரோகிதருக்கும். பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சோறு அனுப்பிய கீழ்வீட்டு வங்காளி அம்மா, எங்கள் காக்கிமாவுக்கும். ஊரில் இருந்து ரயிலேறி வந்த சொந்தங்களுக்கும். மலரைக் குறித்த நாளில் அடித்துக் கொடுத்த அச்சகத்துக்காரருக்கும். மகள் கீதாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வாள், அதனால் சொல்லவில்லை.

அந்த ஐந்து வீடுகளையும் கீதா இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். நான்கு வீடுகள் இன்னும் கிடைக்கவில்லை. விமானத்தை ஓட்டிய சர்தார்ஜியின் அக்கா ஜலந்தரில் இருக்கிறார். வயது எண்பத்தைந்துக்கு மேல். தம்பி எங்கோ இருக்கிறான் என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாக அவர் மகன் போனில் சொன்னார். போனை அம்மாவிடம் கொடுக்கிறேன், நீங்களே பேசிவிடுங்கள் என்றும் சொன்னார். மதினி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார்.

"போன்ல சொல்லுத காரியமா இது? முன்னால போயி உக்காந்துல்லா சொல்லணும்" என்றார்.

அடுத்த வாரம் மதினியும் மண்டல்-தாவும் ஜலந்தருக்கு ரயில் ஏறுகிறார்கள். கீதா கூடப் போகிறாள்.